சின்ன வேசம் கட்டுவது எப்படி

கூத்தில் கோவலன் வேசம் கேட்டு, கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் வீட்டுக்கு நடக்கிற பொடியன்களுக்கு இது உதவாது. பொற்கொல்லன், சின்னான், கட்டியகாரன், காவற்காரன், தரகன் என்று கொஞ்ச நேரம் வந்து போகிற வேசங்களை வடிவாகச் செய்யவேண்டும் என்று நினைக்கிறவர்களுக்குத்தான் எழுதுகிறேன். வன்னியில் முள்ளியவளைப் பக்கம் நெடுங்காலம் நான் கட்டியது அந்த வேசங்களைத்தான். பகலில் கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேச்சர், இரவில் களரியில், அதாவது கூத்து மேடையில், யாராவது ஒரு கெட்டவன் அல்லது கோமாளி. இப்போது இளைப்பாறிவிட்டேன். கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் குறும்படம் எடுக்கிற பிள்ளைகள் கிழவன் வேசத்துக்குக் கூப்பிடுகிறார்கள், போய்ச் செய்கிறேன்.

இந்தத் தொழிலுக்கு ஒரு குருவைக் காட்டு என்றால், எங்கள் அண்ணாவியாருக்கு அடுத்ததாக நான் காட்டுவது அயர்லாந்துக்காரர் ஒருவரை. பாரி ஃபிட்ஸ்ஜெரால்ட். கனடாவில் இருக்கிற மருமகன் ஒரு பென்ட்ரைவில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை நிறைத்துக் கொண்டுவந்து தந்தான். அதில் ஒரு கிழட்டுப் பாதிரியாராக இவர் வந்தார். கதாநாயகன் பாடிக்கொண்டிருக்க, என் கண் இந்த மனுசனை விட்டுப் போகவில்லை. அப்புறம் இவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இந்த ஆள் எங்கள் முல்லைத்தீவு அரசாங்கக் கந்தோரான கச்சேரியில் வேலை செய்திருக்கவேண்டியவர் என்று பட்டது. ஏன் என்று பின்னால் வரும்.

வேசத்தைக் கேட்டு வாங்குவது

கூத்துக் கொப்பி வாசிக்கிற அன்றே போய் இருங்கள். மற்றவர்கள் தங்களுக்கு எத்தனை பாட்டு என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் எந்த ஆள் வந்து போன பிறகு கதை திரும்புகிறது என்று பாருங்கள். கோவலன் கதையில் சிலம்பை விற்க அவன் மதுரைக்கு வருகிறான். பொற்கொல்லன் ஒருவன் அதைக் கையில் வாங்கிப் பார்க்கிறான். அதோடு கோவலனுடைய தலை போகிறது, மதுரை எரிகிறது. விடியவிடிய நடக்கிற கூத்தில் அந்தப் பொற்கொல்லன் களரியில் நிற்பது ஒரு தேத்தண்ணீர் குடிக்கிற நேரம்தான். ஆனால் அவன் வராவிட்டால் கண்ணகிக்கு அங்கே அலுவலே இல்லை.

மதுரையை எரித்த அம்மன் கோபம் ஆறி வந்து தங்கிய இடம் வற்றாப்பளை என்று நம்புகிற ஊர் எங்களுடையது. இங்கே பொற்கொல்லன் வேசம் கட்டுவது லேசான காரியமில்லை. கூத்து முடிந்து ஒரு கிழமை போனாலும் சந்தையில் கிழவிகள் முறைப்பார்கள். அந்த முறைப்புத்தான் உங்களுக்குக் கிடைக்கிற மாலை. அது வேண்டாம் என்றால் கோவலனையே கேளுங்கள்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. கதாநாயகனுக்கு வயிறு வைத்தால் வேசம் போய்விடும். சின்ன வேசக்காரனுக்கு வயது போகப் போகத்தான் ஆட்கள் தேடி வருவார்கள். ஃபிட்ஸ்ஜெரால்ட் பிறந்தது 1888இல், டப்ளினில். ஊர் முழுக்கப் பேசிய முதல் வேசம் கிடைத்தது 1924இல். நடிப்பை மட்டும் நம்பி வாழத் தொடங்கியபோது 41 வயது. ஹொலிவூட்டுக்குப் போனது 1936இல், 48 வயதில். ஒஸ்கார் வாங்கும்போது 57. எங்கள் ஊரில் அந்த வயதில் ஆட்கள் பென்சன் படிவம் நிரப்பிக்கொண்டிருப்பார்கள்.

உத்தியோகத்தை விடாதீர்கள்

அவருடைய சொந்தப் பெயர் வில்லியம் ஜோசப் ஷீல்ட்ஸ். அரசாங்க உத்தியோகம். பகலில் கந்தோர், பின்னேரம் டப்ளினில் அபி தியேட்டர் என்ற நாடகசாலை. நாடகம் ஆடுகிற சங்கதி மேலதிகாரிகளின் காதுக்குப் போனால் கரைச்சல் என்றுதான் வேறு பெயர் வைத்துக்கொண்டார். அவரோடு ஆடிய எஃப். ஜே. மக்கோர்மிக் என்ற பெரிய நடிகரும் அதே கதைதான். அவரும் முதலில் அரசாங்க ஊழியர், சொந்தப் பெயர் பீட்டர் ஜட்ஜ். அந்த நாடகசாலை 1904இல் திறந்தது. அதற்கு நடிப்புப் பழக்கிய ஃபே சகோதரர்களும் பகலில் வேலைக்குப் போய் இரவில் நாடகம் பழகியவர்கள்தான். பிறகு 1925இல் அந்த நாட்டு அரசாங்கம் அதற்கு மானியம் கொடுக்கத் தொடங்கியது. எங்கள் பக்கம் மானியம் என்பது கோயில் சபை தருகிற பொங்கலும் ஒரு சால்வையும்.

ஆகவே வேலையை விட்டுவிட்டு நடிக்க வராதீர்கள். லீவை மட்டும் கணக்காகப் பிடியுங்கள். வைகாசியில் பொங்கலும் கூத்தும் வரும் என்று தெரியும்தானே. வருசத் தொடக்கத்தில் லீவு எடுத்துக் கலியாணவீடுகளில் கரைத்துவிட்டு, வைகாசியில் மேலதிகாரியிடம் போய்த் தலையைச் சொறியக் கூடாது. மேலதிகாரி கூத்துப் பிரியர் என்றால் முன்வரிசையில் ஒரு கதிரை போட்டுக் கொடுங்கள். பிரியர் இல்லை என்றால் நோட்டீசில் உங்கள் பெயரைச் சுருக்கிப் போடச் சொல்லுங்கள். ஃபிட்ஸ்ஜெரால்ட் செய்ததும் அதுதான், கொஞ்சம் பெரிதாகச் செய்தார்.

வேலையில் இருப்பதில் காசை விடப் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது. அதைத் தனியாகச் சொல்லவேண்டும்.

கவுண்டருக்குப் பின்னால்

சின்ன வேசக்காரனுக்குப் பள்ளிக்கூடம் என்றால் அது ஆட்கள் வந்து எதையாவது கேட்கிற இடம். கச்சேரி, தபால் கந்தோர், ஆஸ்பத்திரியில் துண்டு எடுக்கிற ஜன்னல், கூட்டுறவுக் கடை, எதுவாக இருந்தாலும் சரி. கேட்க வருகிற மனுசன் தன் குணம் முழுவதையும் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் முன்னால் வைக்கிறான். வேறெங்கும் அப்படிக் கிடைக்காது.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் வரிசை. நான் குடும்ப அட்டையை வாங்கிப் பதிந்து அளந்து கொடுப்பேன். அந்த வரிசையைப் பார்த்துத்தான் நான் பிழைத்தேன். கடன் கேட்க வருகிறவர் உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார், தராசைப் பார்ப்பார். பொய் சொல்ல வருகிறவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். செல்வாக்கு உள்ளவர் வரிசையில் நிற்கமாட்டார், ஆனால் வரிசையைக் காணாதது போல ஒரு சுற்றுச் சுற்றி வந்து முன்னுக்கு நிற்பார். ஒரு காலத்தில் வசதியாக இருந்து இடம்பெயர்ந்து வந்தவர் அட்டையை மடித்து மடித்துச் சின்னதாக்கி உள்ளங்கைக்குள் வைத்திருப்பார். தான் வரிசையில் நிற்பது அட்டைக்காகத்தான் என்று மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது. எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் அந்த மடிப்பு நிற்காது.

இதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். குணத்தை எழுத வேண்டாம், கை என்ன செய்தது என்று எழுதுங்கள். ‘பேராசைக்காரன்’ என்று எழுதினால் களரியில் அது உதவாது. ‘மிச்சக் காசை எண்ணாமல் வாங்கினான், படியில் இறங்கி நின்று எண்ணினான்’ என்று எழுதுங்கள், அது ஆடக்கூடியது. என்னுடைய கொப்பிகளும் உடுப்புப் பெட்டியும் 2009இல் யுத்தத்தோடு போய்விட்டன. ஆனால் கையால் எழுதியது தலைக்குள்ளும் கொஞ்சம் ஒட்டியிருக்கும், அதிலிருந்துதான் இப்போதும் எடுக்கிறேன்.

ஃபிட்ஸ்ஜெரால்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த வேசத்தைப் பார்த்தால் இது விளங்கும். ஷோன் ஓகேசி எழுதிய ‘ஜூனோ அண்ட் த பேகொக்’ என்ற நாடகத்தில் கப்டன் பொய்ல். டப்ளின் சேரி வீடு ஒன்றில் இருக்கிற ஒரு வேலையில்லாத மனுசன். தான் பெரிய கடலோடி என்று கதை அளப்பான். உண்மையில் நிலக்கரி ஏற்றுகிற ஒரு பழைய படகில் லிவர்பூல் வரை போனதுதான் அவன் கண்ட கடல். யாராவது வேலை இருக்கிறது என்று சொன்னால் உடனே கால் நோவு வந்துவிடும். இந்த மனுசனை உங்களுக்குத் தெரியாதா? முல்லைத்தீவுக் கரையில் கரைவலைக் கம்பான் இழுக்கக் கூப்பிட்டால் இடுப்பைப் பிடிக்கிற ஆளும், ஒட்டுசுட்டானில் நெல் வெட்டு வரும்போது காய்ச்சல் வருகிற ஆளும் வேறு ஆட்களா? எழுத்தாளர் வசனத்தைத் தருவார். கால் நோவு எந்தக் காலில், எந்த நேரத்தில் என்பதை நடிக்கிறவன்தான் கொண்டுவர வேண்டும். பகல் முழுக்கக் கந்தோரில் இருந்த ஆளுக்கு அதற்குப் பஞ்சம் இருந்திருக்காது என்பது என் ஊகம்.

பொற்கொல்லனுடைய விரல்

இப்போது ஒரு வேசத்தை முழுதாகக் கட்டிப் பார்ப்போம். பொற்கொல்லனையே எடுக்கிறேன்.

முதலில் கொப்பி முழுவதையும் கையால் எழுதுங்கள். உங்கள் பாட்டை மட்டும் வெட்டி எடுத்துப் பாடமாக்கக் கூடாது. இப்போது வட்ஸ்அப்பில் அவரவர் பகுதியை மட்டும் படம் எடுத்து அனுப்புகிறார்கள், அது சரிவராது. தான் வருவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று தெரியாதவன் களரிக்குள் நுழையும்போது தெருவில் இருந்து நுழைந்தவன் போலத்தான் இருப்பான்.

அப்புறம் இந்த ஆள் களரிக்கு வரும் முன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று கேளுங்கள். பொற்கொல்லன் அரசியின் சிலம்பை ஏற்கெனவே திருடிவிட்டான். அதனால் அவன் வரும்போதே பயம் இருக்கிறது. கோவலன் சிலம்பை எடுத்துக் காட்டுகிற அந்த நேரத்தில் அவனுக்குத் தப்பிக்க வழி தெரிகிறது. அவனுக்கு அந்த இடத்தில் பேராசையை விட நிம்மதிதான் கூட. இது விளங்கினால் கண்ணை உருட்டிக்கொண்டு, மீசையை முறுக்கிக்கொண்டு வரமாட்டீர்கள். மெதுவாகச் சிரிப்பீர்கள். சபைக்கு அந்தச் சிரிப்புத்தான் பயம்.

மூன்றாவது, தொழிலைப் பார்க்கப் போங்கள். புதுக்குடியிருப்பில் ஒரு நகைப் பட்டறைத் திண்ணையில் இருந்து நான் பார்த்தேன். நகையோடு ஆள் வந்தால் அவர் முதலில் நகையைப் பார்க்கவில்லை, வந்தவரின் காலையும் செருப்பையும் பார்த்தார். பிறகு நகையை உள்ளங்கையில் போட்டு இரண்டு தரம் மெல்ல எறிந்து பிடித்துப் பாரம் பார்த்தார். அப்புறம்தான் உரைகல். உரைத்த கோட்டை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்க்கும்வரை வாயே திறக்கவில்லை. எழும்புவதற்கு முன்னால் செய்த ஒன்றைத்தான் நான் திருடிக்கொண்டு வந்தேன். விரல் நுனிகளைத் தட்டத்துக்கு மேலே ஒன்றோடொன்று மெதுவாக உரசினார். விரலில் ஒட்டின தூளும் தங்கம்தானே, அது வெளியே போகக் கூடாது.

களரியில் நான் அதைச் செய்தேன். கோவலனை ‘இங்கேயே இரும், அரசரிடம் சொல்லிவிட்டு வருகிறேன்’ என்று இருத்திவிட்டுப் போக எழும்புகிற இடம். மத்தளம் நின்றிருக்கும். சிலம்பைத் திருப்பிக் கொடுத்த பிறகு விரல் நுனிகளை மடிக்கு மேலே உரசினேன். பின்வரிசைக்குத் தெரிய வாய்ப்பில்லை. முன்னால் பாயில் இருந்த பெண்கள் கண்டுவிட்டார்கள். ‘பாரடி, தூளையும் விடுறானில்லை’ என்று ஒருத்தி சொன்னது எனக்கே கேட்டது. அது பின்னுக்குப் போகப் போக வசவாக மாறியது.

ஒரு வேசத்துக்கு இப்படி ஒன்றே ஒன்று போதும். இரண்டு வைத்தால் சபை இரண்டையும் மறந்துவிடும்.

அசையாமல் நிற்பது

மற்றவர் பாடும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் சின்ன வேசக்காரனின் பரீட்சை. பெரும்பாலானவர்கள் சும்மா நிற்கத் தெரியாமல் சால்வையைச் சரிசெய்வார்கள், சதங்கையைப் பார்ப்பார்கள், சபையில் தெரிந்த முகத்தைத் தேடுவார்கள். அபி தியேட்டரில் ஃபே சகோதரர்கள் பழக்கியது இதற்கு நேர்மாறு. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் அசையக் கூடாது, பேசுகிறவரையே பார்க்கவேண்டும். அந்தக் காலத்து லண்டன் நாடகங்களைப் பார்த்துப் பழகினவர்களுக்கு அது புதுமையாக இருந்தது.

கூத்தில் இதை அப்படியே எடுக்கமுடியாது. மத்தளம் அடிக்கும்போது காலுக்கு வேலை இருக்கிறது. ஆனால் ஆட்டம் நின்று பாட்டு மட்டும் போகிற இடங்களில் எடுக்கலாம். பழகும் வழி இதுதான்: வீட்டில் யாரையாவது தங்கள் கவலை ஒன்றைச் சொல்லவிட்டு, முடியும்வரை கையையும் வாயையும் திறக்காமல் கேளுங்கள். மனைவி சொல்லும்போது பழகினால் வீட்டிலும் நன்மை.

கேட்பதற்கும் நடிப்பு என்று பெயர் உண்டு என்பதை ‘த குவைட் மேன்’ படத்தில் பாருங்கள். 1952இல் வந்தது. ஃபிட்ஸ்ஜெரால்ட் அதில் கலியாணத் தரகர். அவருடைய குதிரை வண்டி மதுக்கடையைக் கண்டால் தானாக நிற்கும். புதுமணத் தம்பதி வீட்டுக்கு அடுத்த நாள் காலை தளபாடம் கொண்டுவருகிறார். உள்ளே போனால் கட்டில் உடைந்து கிடக்கிறது. அது உடைந்தது சண்டையில், அவர் நினைப்பது வேறு. அவருக்கு அந்த இடத்தில் வசனம் இரண்டே சொல். ஆனால் சிரிப்பு வருவது சொல்லுக்கு முன்னால், அவர் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில். மாப்பிள்ளை மேல் அவருக்கு வருகிற மரியாதை முகத்தில் மெல்ல ஏறுவதைப் பார்க்கலாம். அவசரப்பட்டுச் சொல்லைச் சொல்லியிருந்தால் எல்லாம் போயிருக்கும்.

வசனம் குறைவு என்று குறைப்படுகிறவர்களுக்கு இதையும் சொல்லவேண்டும். அபியில் பேசக் கிடைத்த ஆரம்ப வேசம் ஒன்றில் அவருக்கு நாலே சொல். அதிலும் எழுத்துகள் இடம் மாறி விழுந்து சபை சிரித்தது. அதற்குப் பிறகுதான் அவரைச் சிரிப்புக்காரனாக ஆட்கள் பார்க்கத் தொடங்கினார்களாம்.

சோடி

சின்ன வேசம் தனியாக எடுபடாது, சோடி வேண்டும். காத்தவராயன் கூத்தில் காத்தவராயனுக்குச் சின்னான் மாதிரி. கப்டன் பொய்லுக்கு ஜொக்சர் என்று ஒரு கூட்டாளி உண்டு. எதற்கும் ஒத்து ஊதுகிறவன், முதுகுக்குப் பின்னால் காலை வாருகிறவன். அந்த வேசம் மக்கோர்மிக்குக்கு. இருவரும் இரவில் அப்படிச் சேர்ந்துதான் டப்ளினைச் சிரிக்க வைத்தார்கள்.

சோடியோடு பழகுவதற்கு ஒத்திகை போதாது. ஒன்றாகச் சைக்கிளில் வாருங்கள், ஒன்றாகக் கடலை கொறியுங்கள். முறிகண்டிக் கச்சான் பை ஒன்று இருந்தால் பாதி வசனம் பாடமாகிவிடும். சிரிப்பு யாருக்கு என்று முதலே முடிவு செய்யுங்கள். ஒருவர் சிரிப்பை எடுக்கும்போது மற்றவர் குறுக்கே போகக் கூடாது. மற்றவரின் சிரிப்பைத் திருடுகிறவனுக்கு அடுத்த வருசம் சோடி கிடைக்காது. ஊர் சின்னது.

சபையில் கரைச்சல் வந்தால்

வரும். குடித்துவிட்டு ஒருவர் களரிக்குள் ஏறுவார், அல்லது பொற்கொல்லன் மீது ஒரு தேங்காய்ச் சிரட்டை வந்து விழும். 1926இல் ஓகேசியின் ‘த பிளவ் அண்ட் த ஸ்டார்ஸ்’ நாடகம் போட்டபோது டப்ளினில் பெரிய குழப்பம் நடந்தது. ஆங்கிலேயர் ஆட்சிக்கு எதிரான 1916 கிளர்ச்சியைப் பற்றிய நாடகம் அது. மாண்டவர்களை அவமதிக்கிறது என்று சொல்லி ஆட்கள் மேடைக்கு ஏறினார்கள். ஃபிட்ஸ்ஜெரால்ட் ஏறினவர்களில் ஒருவரைக் குத்தி விழுத்தினார். அபியைத் தொடங்கியவர்களில் ஒருவரான கவிஞர் யேட்ஸ் மேடைக்கு வந்து சபையை ஏசினார். இதில் கவனிக்கவேண்டிய ஒன்று: ஃபிட்ஸ்ஜெரால்டின் தம்பி ஆர்தர் ஷீல்ட்ஸ் அந்தக் கிளர்ச்சியிலேயே சண்டை பிடித்து, பிடிபட்டு, வேல்ஸில் முகாமில் இருந்தவர். அவரும் அந்த நாடகத்தில் நடித்தார். அண்ணன் கந்தோரில், தம்பி துவக்கோடு, பிறகு இருவரும் ஒரே மேடையில். ஒரே வீட்டில் அப்படி இருந்தது எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புதுமையாக இருக்காது. இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை.

நீங்கள் யாரையும் குத்தவேண்டாம். ஏறி வருகிறவரின் கையைப் பிடித்து, வேசத்தின் குரலிலேயே ‘வாரும் ஐயா, உம்முடைய சிலம்பையும் காட்டும்’ என்று சொல்லி, கோயில் சபைக்காரர் நிற்கிற பக்கமாக நடத்திக்கொண்டு போங்கள். சபை சிரிக்கும், அவரும் இறங்கிவிடுவார்.

கமராவுக்கு முன்னால்

களரியில் இருந்து கமராவுக்கு வருகிறவர்கள் முதலில் குரலைக் குறைக்கவேண்டும். நாங்கள் திறந்த வெளியில் பிற்பாட்டுக்கும் மத்தளத்துக்கும் மேலே கத்திப் பழகினவர்கள். குறும்படப் பிள்ளைகள் சட்டைக்குள் ஒரு சின்ன மைக்கைக் குத்திவிடுவார்கள். பக்கத்தில் இருக்கிறவரின் காதில் சொல்கிற அளவு போதும். கண்ணையும் அப்படித்தான் குறைக்கவேண்டும். விரலை உரசுகிற மாதிரியான வேலை களரியில் முன்வரிசைக்கு மட்டும்தான் போகும், கமராவில் எல்லாருக்கும் போகும். ஆகவே பாதியாகச் செய்யுங்கள்.

கிழவன் வேசம் என்றதும் இளம் பொடியன்கள் கையை நடுக்குவார்கள், முதுகை வில்லாக்குவார்கள். வயதானவர்களைக் கவனித்துப் பாருங்கள். அவர்கள் நடுக்கத்தைக் காட்டமாட்டார்கள், மறைப்பார்கள். தேத்தண்ணீர்க் கிளாசை வாங்கினால் முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு வாங்குவார்கள். தட்டோடு தந்தால் தட்டைக் கீழே வைத்துவிடுவார்கள், ஏனென்றால் தட்டுச் சத்தம் போடும். எழும்ப முன்னால் ஏதோ யோசிப்பது போல ஒரு கணம் இருப்பார்கள். நீங்கள் நடிக்கவேண்டியது அந்த மறைப்பை. ‘கோயிங் மை வே’ படத்தில் ஃபிட்ஸ்ஜெரால்ட் செய்த பாதிரியார் வேசத்தில் நான் கண்டது அதுதான். அந்தப் பாதிரியாருக்குத் தன் கோயில் தன் கையை விட்டுப் போகிறது என்று தெரியும், ஆனால் கடைசி அதிகாரம் தனக்குத்தான் என்பது போலவே நடந்துகொள்வார். மனுசன் கத்தோலிக்கரும் இல்லை, புரட்டஸ்தாந்துக்காரர். பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தேகமே வராது.

அந்த ஒரே வேசத்துக்கு அவரைச் சிறந்த நடிகர், சிறந்த துணை நடிகர் என்று இரண்டு ஒஸ்கார் பட்டியலிலும் போட்டுவிட்டார்கள். பிறகு சட்டத்தை மாற்றினார்கள், இனி அப்படி நடக்காது. துணை நடிகர் பரிசுதான் கிடைத்தது, பெரிய பரிசு கதாநாயகன் பிங் க்ரொஸ்பிக்கு. யுத்த காலம் என்பதால் சிலையை உலோகத்தில் செய்யாமல் சாந்தில் வார்த்திருந்தார்கள். அவர் வீட்டுக்குள் கோல்ஃப் அடித்துப் பழகும்போது அதன் தலை பறந்துவிட்டது. பரிசை எங்கே வைப்பது என்று யோசிக்கிறவர்கள் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேசம் எடுபட்டால் அதையே திரும்பத் திரும்பத் தருவார்கள். அவருக்கும் அமெரிக்காவில் வேடிக்கையான ஐரிஷ் கிழவன் வேசங்கள் குவிந்தன. பல ஐரிஷ்காரர்களுக்கு அதில் எரிச்சலும் இருந்தது. ஆனால் இடையில் வேறு கதவுகளையும் திறந்துகொண்டார். 1945இல் ஒரு கொலைக் கதையில் நீதிபதி, 1948இல் ‘த நேக்கட் சிட்டி’யில் துப்பறிகிற பொலிஸ் அதிகாரி.

எங்களுக்கு வருகிற வேசம் எது என்று உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டில் இருந்து ஒரு தம்பி கமராவோடு வருவார். வன்னிக் கிழவன் என்றால் வேலிக்குப் பக்கத்தில் நின்று, கையில் ஒரு பழைய படத்தோடு அழவேண்டும். கண்ணீர் நன்றாக விழுந்தால் ‘சூப்பர் ஐயா’ என்று தோளில் தட்டுவார். அந்தக் கதைகள் பொய் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் எங்களுக்கு வேறு குணமும் இருக்கிறது. அழுகிற கிழவன் கேட்டு வருகிறவரிடம் நான் ஒரு கேள்வி கேட்பேன்: ‘தம்பி, இந்த ஆள் யாருக்காவது கடன் கொடுக்கவேண்டுமா?’ பதில் இல்லாவிட்டால் நானே ஒரு கடனை வைத்துவிடுவேன். கடன்காரன் கதவைத் தட்டுவானோ என்று ஒரு காதை வெளியே வைத்துக்கொண்டு அழுகிற கிழவன் உயிரோடு இருப்பான். சில தம்பிமார் சம்மதிப்பார்கள். சம்மதிக்காதவர்களுக்கு வேறு கிழவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சத்துக்குக் கொஞ்சம் மாட்டேன் என்று சொல்லவும் பழகுங்கள்.

காசும் பஸ்ஸும்

குறும்படத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் காசைப் பற்றிக் கதைக்கக் கூச்சப்படுவார்கள். நீங்களும் கூச்சப்பட்டால் கதை முடிந்தது. முதல் தொலைபேசியிலேயே மூன்று விசயம் கேளுங்கள்: போக்குவரத்துச் செலவு யாருடையது, சாப்பாடு எத்தனை நேரம், உடுப்பு அவர்களுடையதா உங்களுடையதா. உங்கள் சரத்தையும் சேட்டையும் கொண்டுவரச் சொன்னால் இரண்டு சோடி கொண்டுபோங்கள். ஒன்றைச் சேற்றில் புரட்டச் சொல்வார்கள். அந்தச் சோடியைத் தோய்க்காமல் வைத்திருங்கள், அடுத்த கிழமை மிச்சக் காட்சி எடுக்கக் கூப்பிடும்போது அதே சேறு வேண்டும்.

படப்பிடிப்பு ‘பின்னேரத்துக்குள் முடியும்’ என்று சொன்னால் முடியாது. ஏ9 வீதியில் எந்த நேரமும் ஏதாவது ஒரு பஸ் ஓடும், ஆனால் மாங்குளத்தில் இறங்கி முள்ளியவளைப் பக்கம் திரும்ப இரவில் ஒன்றும் இராது. வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்குவோம் என்று இயக்குநர் தன் வாயால் சொன்ன பிறகே வேசத்துக்கு ஓம் சொல்லுங்கள்.